புகைபோக்கி இருக்கிறது, எதை எரிக்கலாம்? லண்டன் வீடுகளுக்கு ஆறு வழிகள்

லண்டனில் பழைய வரிசை வீடு வாங்குகிறவர்களுக்கு முன்னறையில் ஒரு கணப்பும் கூரைமேல் ஒரு செங்கல் புகைபோக்கியும் சேர்ந்தே வருகின்றன. குளிர்காலம் வந்ததும் கேள்வியும் வருகிறது. அதிலேயே விறகு எரிக்கலாமா? ஸ்டவ், அதாவது கதவுள்ள மூடிய இரும்பு அடுப்பு, வைக்கலாமா? புகைபோக்கியை அடைத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்வதா? கடைக்காரர் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்று சொல்வார், கவுன்சில் கடிதம் மூன்றாவதாக ஒன்று சொல்லும்.

இங்கே எழுதியிருப்பது இங்கிலாந்துச் சட்டத்தை வைத்து. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனி விதிகள் உண்டு. கார்டிஃபிலோ கிளாஸ்கோவிலோ இருப்பவர்கள் சட்டப் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## முதலில் சட்டம்: மூன்று முத்திரைகள், மூன்று வேலைகள்

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். 2021-இன் சுற்றுச்சூழல் சட்டம் அதைத் திருத்தி அபராத முறையை மாற்றியது. லண்டனின் பெரும்பகுதி இந்தச் சட்டப்படி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. உங்கள் தெரு அதில் வருகிறதா என்பதைக் கவுன்சில் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அந்தப் பகுதிக்குள் நிலைமை இதுதான். புகைபோக்கியிலிருந்து புகை வந்தால் கவுன்சில் 175 முதல் 300 பவுண்ட் வரை அபராதம் விதிக்கலாம். முதலில் ஒரு முன்னறிவிப்பு வரும். மறுப்புச் சொல்ல 28 நாள் உண்டு. அனுமதி இல்லாத எரிபொருளை, விலக்கு பெறாத அடுப்பில் எரிப்பதற்காக வாங்கினால் 1,000 பவுண்ட் வரை போகும். விறகு அனுமதி பெற்ற எரிபொருள் அல்ல. எனவே விறகு எரிக்க வேண்டுமானால் டெஃப்ரா, அதாவது சுற்றுச்சூழல் அமைச்சகம், விலக்கு அளித்த அடுப்பில்தான் எரிக்க வேண்டும். அந்த அடுப்பிலும் புகை கிளப்பினால் அபராதத்துக்கு இடமுண்டு.

பெரும்பாலோர் சறுக்குவது முத்திரைகளில். மூன்று முத்திரைகள் சந்தையில் உலவுகின்றன. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

"ரெடி டு பர்ன்" என்பது எரிபொருள் மூட்டையில் இருக்கும். விறகானால் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று பொருள். 2021 மே 1 முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகுக்கு இது கட்டாயம். இந்த முத்திரையுள்ள விறகை வாங்கித் திறந்த கணப்பில் போட்டால், புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் அதுவும் தவறுதான். பெட்ரோல் பங்கில் அந்த மூட்டையைத் தூக்குகிற பலருக்கு இது தெரியாது.

"எக்கோடிசைன்" என்பது அடுப்பின் முத்திரை. 2022 ஜனவரி 1 முதல் சந்தைக்கு வரும் புதிய அடுப்புகளுக்கான திறன், மாசு அளவுகளைக் குறிப்பது. நாடு முழுவதுக்கும் பொது. நகரத்துக்குள் எரிக்கலாம் என்ற அனுமதி அதில் இல்லை.

மூன்றாவது "டெஃப்ரா விலக்கு". நகரத்தில் விறகு எரிக்கத் தேவையானது இதுதான். இது மாடல் வாரியாகத் தரப்படுவது. ஒரே நிறுவனத்தின் 5 கிலோவாட் மாடல் பட்டியலில் இருக்கும், 8 கிலோவாட் மாடல் இருக்காது. பட்டியலில் எந்த எரிபொருளுக்கு விலக்கு என்பதும் எழுதியிருக்கும். கடைக்காரர் வாய்மொழியை விட்டுவிட்டு, மாடல் எண்ணை டெஃப்ராவின் இணையப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

நிலக்கரியைப் பற்றி ஒரே வரி: வீட்டு நிலக்கரி மூட்டை விற்பனை 2021 மே மாதத்திலும், உதிரி விற்பனை 2023 மே மாதத்திலும் இங்கிலாந்தில் நின்றுவிட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

சட்டத்தைத் தாண்டிய பிறகு நான்கு கேள்விகள் மீதம்.

ஒன்று, அறைக்குள் உண்மையில் வந்து சேரும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு என்ன செலவு? மூட்டை விலையைப் பார்ப்பதில் பயனில்லை. எவ்வளவு வெப்பம் புகைபோக்கி வழியே போகிறது என்பதே கணக்கைத் தீர்மானிக்கும். இரண்டு, பொருத்தும் செலவும் ஆண்டுப் பராமரிப்பும். மூன்று, வீட்டுக்குள் இருக்கும் காற்று. ஆஸ்துமா உள்ள பிள்ளையோ முதியவரோ இருந்தால் இதை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். நான்கு, வீட்டின் அமைப்பு: சொந்த வீடா, வாடகையா, குத்தகைப் பிளாட்டா, சமையலறையும் ஹாலும் ஒன்றாகத் திறந்திருக்கிறதா?

கணக்குக்கு ஒரு பொது அளவு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 100 மாலை, நாளுக்கு 4 மணி நேரம், சராசரி 2 கிலோவாட்: மொத்தம் 800 யூனிட் வெப்பம் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி). மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், எரிவாயு 6.29 பென்ஸ், இவை எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2025 அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக்கு வைத்த உச்சவரம்பு விலைகள். நிலைக்கட்டணத்தைச் சேர்க்கவில்லை. விறகு கிலோ 40 பென்ஸ், பெல்லட் (மரத்தூள் குச்சி) 45 பென்ஸ், புகையில்லா எரிபொருள் (அனுமதியுள்ள கரி) 70 பென்ஸ் என்பது எடுத்துக்கொண்ட விலை. உங்கள் பகுதி விலையை அங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

| வழி | நகரத்தில் சட்டநிலை | 800 யூனிட் வெப்பத்துக்கு எரிபொருட்செலவு | பொருத்தும் செலவு |
|---|---|---|---|
| திறந்த கணப்பு, புகையில்லா எரிபொருள் | சரி | சுமார் 233 பவுண்ட் | குறைவு |
| விலக்கு பெற்ற விறகு ஸ்டவ் | நிபந்தனையோடு சரி | சுமார் 107 பவுண்ட் | அதிகம் |
| பெல்லட் ஸ்டவ் | மாடல் பட்டியலில் இருந்தால் சரி | சுமார் 86 பவுண்ட் | அதிகம் |
| கண்ணாடி மூடிய காஸ் ஃபயர் | சரி | சுமார் 67 பவுண்ட் | நடுத்தரம் |
| மின்சாரக் கணப்பு | தடையில்லை | சுமார் 211 பவுண்ட் | மிகக் குறைவு |
| ஹீட் பம்ப் | தடையில்லை | சுமார் 70 பவுண்ட் | மிக அதிகம், மானியம் உண்டு |

ஒப்பிட்டுப் பார்க்க: ஏற்கெனவே சுவரில் தொங்கும் காஸ் பாய்லர் 90 சதவீதத் திறனில் ஓடினால் அதே 800 யூனிட்டுக்கு 56 பவுண்ட்தான். ஒரு யூனிட் வெப்பத்துக்கு 7 பென்ஸ். காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 யூனிட் உண்டு; நல்ல ஸ்டவ்வில் 3 யூனிட் அறைக்கு வரும். ஆக, பாய்லரோடு போட்டியிட விறகு கிலோ 21 பென்ஸுக்குக் கிடைக்க வேண்டும். லண்டனில் வலைப்பையில் வாங்கும் சூளையில் உலர்த்திய விறகு அந்த விலைக்குப் பக்கத்திலும் வராது. "விறகு போட்டால் பில் குறையும்" என்ற பேச்சு, விறகு சும்மா கிடைக்கிறவர்களுக்குத்தான் பொருந்தும்.

## 1. திறந்த கணப்பில் புகையில்லா எரிபொருள்

செலவும் திறனும். கணப்பு ஏற்கெனவே இருப்பதால் கை நீட்டிச் செலவழிக்க அதிகம் இல்லை என்று தோன்றும். ஆனால் திறந்த கணப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி மேலேறிப் போய்விடுகிறது. மேலே உள்ள கணக்கில் 30 சதவீதம்தான் அறைக்கு என்று வைத்திருக்கிறோம், அதுவே தாராளம். அதோடு, எரியாத நேரத்திலும் அந்தத் துவாரம் அறையின் சூடான காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

எதை எரிக்கலாம். ஆந்த்ரசைட், அதாவது புகை மிகக் குறைந்த கடின நிலக்கரி (விற்பனை நின்றது சாதாரண வீட்டு நிலக்கரிக்கே), அல்லது அனுமதிப் பட்டியலில் பெயருள்ள முட்டை வடிவ வார்ப்புக் கரி. ஆந்த்ரசைட் நல்ல இழுவை இல்லாத திறந்த கணப்பில் எளிதில் பற்றாது. வார்ப்புக் கரியே வசதி. கீழிருந்து காற்று வர இரும்புத் தட்டி வேண்டும். பற்றவைக்கச் சுள்ளிக்குப் பதில் மெழுகுத் துண்டுகள் போதும்.

மறைந்த செலவு. ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கி துப்புரவு. இந்தக் கரியின் சாம்பலைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திக்குப் போடக்கூடாது. விறகுச் சாம்பல்தான் அதற்கு ஆகும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். கங்கு ஒரு நாளுக்கு மேலும் உள்ளே உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி உருகுவது இப்படித்தான்.

யாருக்கு. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து மாலை, விருந்தினர் வந்தால் மட்டும் நெருப்பைப் பார்க்க ஆசைப்படுபவருக்கு. தினமும் எரிக்க இது வேண்டாம்.

## 2. விலக்கு பெற்ற விறகு ஸ்டவ்

ஆசையும் சிக்கலும் அதிகம் உள்ள வழி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

அளவு. பெரிய ஸ்டவ் வாங்குவது முதல் தவறு. அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 14-ஆல் வகுங்கள். சுமாராகக் குளிர்காப்பு உள்ள அறைக்கு வேண்டிய கிலோவாட் அதுதான். 5 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 2.4 மீட்டர் உயரம் என்றால் 48 கன மீட்டர். சுமார் மூன்றரை கிலோவாட். அங்கே 8 கிலோவாட் ஸ்டவ் வைத்தால் புழுக்கம் தாங்காமல் காற்றை அடைப்பீர்கள். காற்றை அடைத்ததும் நெருப்பு மூச்சுத்திணறிப் புகையும். கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில் தார் படியும், தெருவில் புகை தெரியும்.

5 கிலோவாட் வரை உள்ள ஸ்டவ்வுக்குப் பழைய, காற்றுக்கசிவுள்ள வீட்டில் தனிக் காற்றுத்துவாரம் கட்டாயமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மி.மீ. திறப்பு சுவரில் நிரந்தரமாக இருக்க வேண்டும். காற்றுக் கசியாமல் கட்டிய புது வீட்டில் முதல் கிலோவாட்டிலிருந்தே இந்தக் கணக்கு தொடங்கும். குளிர்கிறது என்று அந்தத் துவாரத்தில் துணி அடைப்பவர்கள் உண்டு. நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்ப அதுவே போதும்.

பொருத்துதல். ஸ்டவ்வும் புகைபோக்கிக்குள் இறக்கும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயும் கூலியும் சேர்த்துப் பெரும்பாலும் 2,500 முதல் 5,000 பவுண்ட் வரை ஆகும். குழாயின் தரம் முக்கியம். விறகு மட்டும் என்றால் 316 தர எஃகு போதும். புகையில்லாக் கரியும் எரிப்பதாக இருந்தால் 904 தரம் கேளுங்கள். சாதாரணமாக 150 மி.மீ. விட்டம், விலக்கு பெற்ற பல மாடல்களுக்கு 125 மி.மீ. குழாயும் அனுமதிக்கப்படுகிறது, குறுகிய பழைய புகைபோக்கிகளில் அது பெரிய நிம்மதி. ஸ்டவ்வுக்கு முன்னால் 225 மி.மீ., பக்கங்களில் 150 மி.மீ. வரை எரியாத கல்தளம் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் அதே அறையில், ஸ்டவ்விலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள்.

வேலையை, அடுப்பு பொருத்துபவர்களைப் பதிவுசெய்யும் ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிவுபெற்றவர் செய்தால் அவரே சான்றிதழ் தருவார். வேறு யாராவது செய்தால் வேலை தொடங்குமுன் கவுன்சிலின் கட்டட ஒழுங்குமுறைப் பிரிவுக்கு அறிவித்துக் கட்டணம் கட்ட வேண்டும். தெரிந்த பையனிடம் பாதி விலைக்குச் செய்துகொண்டால் அதன் விலை பிறகு தெரியும்: வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் இந்தச் சான்றிதழைக் கேட்பார், தீ விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் கேட்கும்.

பழைய வரிசை வீடுகளில் இன்னொரு விஷயம் உண்டு. பக்கத்து வீட்டுப் புகைபோக்கியும் உங்களுடையதும் ஒரே செங்கல் கட்டுக்குள், நடுவில் ஒற்றைச் செங்கல் தடுப்போடு நிற்கும். நூறாண்டுச் சூட்டில் அந்தத் தடுப்பு பெயர்ந்திருக்கலாம். முன்பணம் கொடுக்குமுன் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள்: கீழே புகை வில்லை கொளுத்தி, மேலே வாயை அடைத்துவிட்டு, உங்கள் மாடியறையிலும் பரணிலும் முடிந்தால் பக்கத்து வீட்டுப் படுக்கையறையிலும் புகை கசிகிறதா என்று பார்ப்பார்கள். பொதுச்சுவரை வெட்ட வேண்டியிருந்தால் 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு அறிவிப்பும் கொடுக்க வேண்டியிருக்கும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல். பின்பக்கம் இடித்துச் சமையலறையையும் ஹாலையும் ஒன்றாக்கியிருப்போம். தாளிக்கும் வாடை போக, சக்தி வாய்ந்த எக்ஸ்ட்ராக்டர் வைத்திருப்போம். அது முழு வேகத்தில் ஓடும்போது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். அந்த இடத்தை நிரப்பப் புகைபோக்கி வழியே காற்று கீழே வரும், ஸ்டவ்வின் புகையையும் கூட்டிக்கொண்டு. கட்டட விதிகளின் வழிகாட்டி, திட எரிபொருள் அடுப்புள்ள அறையில் எக்ஸ்ட்ராக்டர் வேண்டாம் என்கிறது. பொருத்துபவரிடம் எக்ஸ்ட்ராக்டரை உச்சத்தில் ஓடவிட்டு, கதவு ஜன்னல்களைச் சாத்தி, புகை உள்ளே திரும்புகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். தேறாவிட்டால் வெளிக்காற்றை நேரடியாகக் குழாயில் எடுக்கும் மாடலைக் கேட்டுப் பாருங்கள், அல்லது இந்த வழியையே விட்டுவிடுங்கள்.

விறகு. ஈரமானி ஒன்று வாங்குங்கள். ஆனால் கட்டையின் வெட்டுமுனையில் குத்திப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். முனைதான் முதலில் காயும். அங்கே 14 காட்டும் அதே கட்டையைக் கோடரியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் இரண்டு ஊசியையும் அழுத்தினால் 27 காட்டக்கூடும். 20-க்குக் கீழே வந்தால்தான் எரிக்க ஆகும். பச்சை விறகு பிளந்து அடுக்கினால் காய ஒன்றிரண்டு ஆண்டு பிடிக்கும்: தரையைத் தொடாமல், பக்கங்கள் திறந்து, மேலே மட்டும் மூடி. தார்ப்பாய் போட்டு முழுக்கச் சுற்றிவைத்தால் பூஞ்சைதான் வளரும்.

நம் கணக்குப்படி 800 யூனிட்டுக்கு ஏறத்தாழ 267 கிலோ விறகு. அடுக்கினால் அரை கன மீட்டருக்குச் சற்று மேல் இடம். வர்ணமடித்த பலகை, எம்.டி.எஃப்., உடைந்த அலமாரி எதையும் போடக்கூடாது.

எரிக்கும் முறை. நம் ஊர் அடுப்பில் கீழே சுள்ளி, மேலே கட்டை. இங்கே தலைகீழ். அடியில் இரண்டு சிறு கட்டை, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிராய், உச்சியில் பற்றுவிப்பான். நெருப்பு மேலிருந்து இறங்கும்போது கீழே கிளம்பும் புகை தீ வழியாகவே போய் எரிந்துவிடும். முதல் 15–20 நிமிடம் காற்றை முழுக்கத் திறந்து வையுங்கள். குழாயில் காந்த வெப்பமானி ஒட்டி, கிட்டத்தட்ட 120 முதல் 240 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கட்டைக்கு மேல் வேண்டாம். இரவு முழுதும் கனியட்டும் என்று காற்றை அடைத்துவிட்டுப் படுக்கப் போவது தார் படிவதற்கும் புகைபோக்கிக்குள் தீப்பிடிப்பதற்கும் முதல் காரணம்.

விலக்கு பெற்ற மாடல்களில் காற்றுத் தாழ்ப்பாள் முழுக்க மூடாதபடி ஒரு சிறு திருகோ தடையோ இருக்கும். "விறகு சீக்கிரம் தீர்கிறது" என்று அதைக் கழற்றினால் அந்த ஸ்டவ் விலக்கு பெற்ற நிலையில் இல்லை. கதவைத் திறந்துவைத்து எரித்தாலும் அப்படியே.

பராமரிப்பு. விறகு எரிக்கும் காலத்தில் காலாண்டுக்கு ஒரு துப்புரவு என்பது துப்புரவாளர் சங்கத்தின் பரிந்துரை. குறைந்தது ஆண்டுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். கதவின் கயிற்று அடைப்பைச் சோதிக்க ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு மாற்ற வேண்டும். சில பவுண்ட் வேலை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வீட்டின் தெர்மோஸ்டாட் ஸ்டவ் இருக்கும் அறையிலேயே இருந்தால், அறை சூடானதும் பாய்லர் நின்றுவிடும், மாடியில் பிள்ளைகள் குளிரில் இருப்பார்கள். தெர்மோஸ்டாட்டை நடைகூடத்துக்கு மாற்றுவதும் இந்தச் செலவில் சேரும்.

காற்று. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டியின் 2022 அறிக்கைப்படி, எக்கோடிசைன் ஸ்டவ்வே காஸ் பாய்லரைவிடச் சுமார் 450 மடங்கு நுண்துகள் கக்குகிறது. சட்டப்படி சரி என்பதும் சுத்தம் என்பதும் வேறு வேறு. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் எங்கள் பதில்: வேண்டாம்.

யாருக்கு. சொந்த வீடு, தேறிய புகைபோக்கி, விறகு உலர்த்தத் தோட்டத்தில் இடம், மலிவாகவோ இலவசமாகவோ விறகு கிடைக்கும் வழி, இவை நான்கும் உள்ளவருக்கு. மின்சாரம் போனாலும் எரியும் என்பது உண்மையான நன்மை.

## 3. பெல்லட் ஸ்டவ்

மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகள். மோட்டார் தானே ஊட்டும், விசிறி காற்றைச் சரிசெய்யும். அதனால் எரிவது சீராகவும் புகை குறைவாகவும் இருக்கும். இ.என்.பிளஸ் ஏ1 தரக் குச்சியில் ஈரம் 10 சதவீதத்துக்குள், கிலோவுக்குக் குறைந்தது 4.6 யூனிட். நம் கணக்குக்கு 15 கிலோ மூட்டை பதின்மூன்று போதும்.

மின்சாரம் போனால் ஸ்டவ்வும் நிற்கும். விசிறிச் சத்தம் உண்டு. மூட்டை ஈரப்பதமான கொட்டகையில் கிடந்தால் குச்சி ஊறித் தூளாகி, ஊட்டுதிருகு சிக்கிக்கொள்ளும். பழுதுபார்க்கத் தெரிந்தவர் உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்று வாங்குமுன் கேளுங்கள். விறகு ஸ்டவ்வைச் சரிசெய்வதுபோல் இந்தப் பழுதுவேலை எல்லோருக்கும் கைவராது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் இதற்கும் பட்டியல் விலக்கு வேண்டும். விறகு வெட்டவும் அடுக்கவும் நேரமில்லை, ஆனாலும் மரம்தான் எரிக்க வேண்டும் என்கிறவருக்கு இது.

## 4. காஸ் ஃபயர்

எரிவாயு வேலை செய்பவர்களுக்கான கேஸ் சேஃப் பதிவுள்ளவர்தான் பொருத்த வேண்டும். கண்ணாடி மூடிய வகையை எடுங்கள். விறகு எரிவதுபோல் காட்டும் திறந்த வகை பார்க்க அழகு, வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கிக்குப் போய்விடும். ஆண்டுச் சோதனை உண்டு, புகைக் கட்டுப்பாட்டுச் சிக்கல் இல்லை. இருக்கும் காஸ் பாய்லரோடு ஒப்பிட்டால் இது மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை. ஒரே அறையில் உட்காரும் வயதானவர்களுக்கு, மற்ற அறைகளை அணைத்துவிட்டு இதை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்பதே லாபம்.

## 5. மின்சாரக் கணப்பு

வாடகை வீட்டுக்கும் குத்தகைப் பிளாட்டுக்கும் நடைமுறையில் இது ஒன்றுதான் மிஞ்சும். 2 கிலோவாட் என்றால் மணிக்கு 53 பென்ஸ். தீ எரிவதுபோன்ற விளக்கை மட்டும் போட்டால் செலவு அற்பம். பலர் தேடுவது உண்மையில் அந்த வெளிச்சத்தைத்தான். எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாதீர்கள், சுவர் சாக்கெட்டிலேயே செருகுங்கள்.

இந்த வழியை எடுத்தால் புகைபோக்கியை என்ன செய்வது? முழுக்கச் சிமெண்ட் பூசி அடைத்தால் உள்ளே ஈரம் தங்கி, சுவரில் பழுப்புக் கறை இறங்கும். உச்சியில் மழை புகாத, காற்று போகும் தொப்பி; கீழே அடைத்த பலகையில் ஒரு சல்லடைத் துவாரம்; நடுவில் காற்று ஓட வேண்டும். அடைக்குமுன் ஒருமுறை துப்புரவு செய்து, பறவைக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிகமாக என்றால் கம்பளி அடைப்பான் ஒன்று செருகினால் போதும். இந்தச் சிறு செலவே, திறந்து கிடந்த கணப்பு வழியே போய்க்கொண்டிருந்த சூட்டை நிறுத்திவிடும்.

ஆண்டுக்கு 100 மாலை எரிப்பதில்லை, 20 மாலைதான் என்றால் செலவு 42 பவுண்ட். ஸ்டவ்வுக்கு வரும் துப்புரவுக் கூலியே அதைவிடக் கூடுதல்.

## 6. ஹீட் பம்ப்

வெளியில் இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி. இது ஓர் அறையின் தீர்வு அல்ல, பாய்லரையே மாற்றுவது. பாய்லர் எப்படியும் ஆயுள் முடிந்துவரும் வீட்டில்தான் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுத்து ரேடியேட்டர் நீரைச் சூடாக்கும் வகைக்கு இங்கிலாந்து, வேல்ஸில் 7,500 பவுண்ட் மானியம். 2027 மார்ச் 31 வரை வாட் வரியும் இல்லை. மானியம் போக மிச்சம் வீட்டுக்கு வீடு மாறும்: பெரிய ரேடியேட்டர்கள், வெந்நீர்த் தொட்டிக்கு இடம். தொட்டிக்கு இடமில்லாமல் திட்டம் நின்றுபோகும் சிறு வீடுகள் நிறைய. 2025 மே இறுதியிலிருந்து, எல்லையிலிருந்து 1 மீட்டர் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்ற பழைய விதி இங்கிலாந்தில் இல்லை. ஒலி வரம்பு உண்டு.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் வந்தால் செலவு 8.8 பென்ஸ், காஸ் பாய்லரைவிடச் சற்றுக் கூட. 3.8-ஐ எட்டினால் சமம். பில் குறைப்பதற்காக மட்டும் மாற்றுபவர் இந்த எண்ணைப் பொருத்துபவரிடம் எழுத்தில் கேட்கட்டும். விறகு ஸ்டவ்வுக்கு இப்படி மானியம் கிடையாது. விறகு பாய்லருக்கான மானியம் காஸ் இணைப்பில்லாத கிராமப்புறங்களுக்கே.

## தோட்டத்தில் பொங்கல் அடுப்பு

ஒவ்வொரு ஜனவரியும் எழும் கேள்வி. புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டடத்தின் புகைபோக்கியைப் பற்றியது. திறந்தவெளியில் மூன்று கல் வைத்துப் பொங்குவதையும் பார்பிக்யூவையும் அது தடுப்பதில்லை. தோட்டத்துக் கொட்டகைக்குள் அடுப்பு வைத்துக் கூரைமேல் குழாய் விட்டால் மட்டும் விதிக்குள் வந்துவிடும். அடிக்கடி புகை போட்டு அண்டை வீட்டைத் தொல்லைப்படுத்தினால் 1990-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி கவுன்சில் தனியாக நடவடிக்கை எடுக்கலாம்.

மழை பெய்கிறது என்று கராஜுக்குள் அடுப்பை மாற்றாதீர்கள், கதவு திறந்திருந்தாலும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. சூளையில் உலர்த்திய விறகு ஒரு வலைப்பை போதும், பச்சைக் கிளை வேண்டாம். வேலிக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்து, பக்கத்து வீட்டாரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்கள் கொடியில் துணி காயப்போட்டிருப்பார்கள்.